ஐம்பத்திரண்டு விநாடி

என் அக்கா பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அது நான் செய்த மணி.

ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நீள மேஜை, வெள்ளைத் துணி, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏரிக்கரை ஊர்க்காரர்கள். கூரை உயரத்தில் சுற்றிய மின்விசிறிகளின் காற்று எங்கள் தலைக்கு வந்து சேரவே இல்லை. என் அக்கா கன்னியம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்த மேட்டுல நாங்கோ..." என்று ஆரம்பித்தாள்.

மேஜை மேல் இருந்த சின்ன நீலப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நீளமாக ஒரு பீப் சத்தம். சொல்லிவைத்தபடி மைக் செட்காரர் மைக்கை அணைத்தார். அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, குரல் கேட்கவில்லை.

"நன்றிம்மா. அடுத்து முப்பத்தஞ்சு" என்றார் மேடையில் இருந்த அதிகாரி.

அக்காவுக்குக் கொடுப்பதாகச் சொன்ன நேரம் மூன்று நிமிடம். கொடுத்தது ஐம்பத்திரண்டு விநாடி. நான் எப்படி இவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பெட்டி பிறந்த கதை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் என்பது தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைப்பது, பிராக்டிகல் நடக்கும்போது ஸ்டாப் வாட்ச் கொடுத்து வாங்குவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். எலக்ட்ரானிக்ஸ் என் உத்தியோகம் இல்லை, என் கிறுக்கு.

கிறுக்குப் பிடித்தது இரண்டு டிரான்சிஸ்டரில். அந்தச் சுற்றுக்கு மல்டிவைப்ரேட்டர் என்று பெரிய பெயர். உள்ளே இருப்பதெல்லாம் சில்லறைச் சாமான்தான். இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு மின்தேக்கி, நாலு ரெசிஸ்டர், இரண்டு எல்.ஈ.டி. விளக்கு. ஒரு விளக்கு எரிந்தால் மற்றது அணைந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். யாரும் தொட வேண்டாம், பேட்டரியில் உயிர் இருக்கும்வரை இப்படியே சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கழித்துப் போட்ட ஒரு ரேடியோவிலிருந்து பாகங்களைப் பிடுங்கி, எங்கள் ஊர் தோணிரேவில் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அதைச் செய்தேன். முதலில் எரியவில்லை. ஒரு மின்தேக்கியைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதும் சிமிட்ட ஆரம்பித்தது. வலையைக் காயப்போட்டுவிட்டு வந்த நைனா குனிந்து பார்த்தார்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"சும்மா நைனா. மாறி மாறி எரியும்."

"அப்பால?"

"அவ்ளோதான்."

அவர் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். என் அறிவியல் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

அதன் பிறகு ஐந்நூற்று ஐம்பத்தைந்து என்ற எட்டுக் கால் ஐ.சி. என் கைக்கு வந்தது. அதை இரண்டு விதமாகப் பழக்கலாம். ஓயாமல் சிமிட்டவும் வைக்கலாம். பட்டனை ஒருமுறை அழுத்தினால் குறித்த நேரம் வரை விழித்திருந்து, பிறகு மணி அடிக்கவும் வைக்கலாம். நேரத்தை எது குறிக்கிறது என்றால், ஒரு குடமும் ஒரு குழாயும்தான். மின்தேக்கி குடம், ரெசிஸ்டர் குழாய். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் குடம் நிறைய நேரமாகும். முக்கால் குடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிறைந்ததும் ஐ.சி. மணி அடித்துவிடும். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது புரிய ஒரு நொடி போதும். கல்லூரியில் இதை ஒரு வாரம் நடத்துகிறார்களாம்.

எங்கள் பள்ளிப் பேச்சுப்போட்டியில் வருஷா வருஷம் நேரத்துக்காகச் சண்டை வரும். ஒரு டீச்சர் கடிகாரத்தில் மூன்று நிமிடம் ஆகியிருக்கும், இன்னொரு டீச்சர் கடிகாரத்தில் ஆகியிருக்காது. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் நீலப் பெட்டியைச் செய்தேன். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு நிமிடம், ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று நிமிடம் என்று மாற்றி வைக்க வேண்டும். அதனால் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை வெளியே வைத்தேன். மூன்று நிமிடம் வரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. அதே நகப்பூச்சை உள்ளே சுற்றுப் பலகை முழுக்கவும் அடித்திருந்தேன். இல்லையென்றால் கடலை ஒட்டிய எங்கள் ஏரியின் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் செம்பெல்லாம் பச்சை பூத்துவிடும்.

இன்னொன்றும் செய்தேன். குமிழை இடது பக்கம் கடைசிவரை திருப்பினால் நேரம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும், குழந்தை மேடையேறி வணக்கம் சொல்வதற்குள் மணி அடிக்கும். அப்படி நடக்கக்கூடாது என்று குமிழோடு சேர்த்து நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். அதைப் போட்ட பிறகு எவ்வளவு திருப்பினாலும் ஒரு நேரத்துக்குக் கீழே இறங்காது. ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து பார்த்தேன், ஐம்பத்திரண்டு விநாடி வந்தது.

ஆண்டு விழாவில் அந்தப் பெட்டியை மேடையில் தூக்கிக் காட்டி, "நமது அறிவியல் ஆசிரியரின் வழிகாட்டுதலில் உருவானது" என்றார்கள். வழிகாட்டியவர் அன்றுவரை பெட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. நான் பின்னால் நின்று ஜிலேபி எண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

பல்லில் கடித்த கயிறு

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே நகர வேண்டும். அகப்படும் இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பல வருஷமாகக் கடித்து அக்காவின் முன்பற்கள் இரண்டு தேய்ந்துவிட்டன. வேலை நேரம் முழுக்க வாயைத் திறக்க முடியாத தொழில் அது.

ஆண்களின் வலைக்குப் பாடு உண்டு. இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்ற முறைக்கு அந்தப் பெயர். அதற்கு நோட்டு உண்டு, தகராறு வந்தால் பேச ஊர்க்கூட்டம் உண்டு. கையால் தடவும் பெண்களுக்குப் பாடும் இல்லை, நோட்டும் இல்லை. அவர்கள் எங்கே பிடிக்கிறார்கள் என்பது அவர்களுடைய முழங்காலுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் ஒரு திட்டம் வந்தது. ஏரியைத் தூர்வாரி, அந்த மண்ணை, நாங்கள் மேடு என்று சொல்லும் ஆழமில்லாத பகுதியில் கொட்டி உயர்த்தி, அதன் மேல் சாலையும் படகுத்துறையும் கட்டப்போவதாகச் சொன்னார்கள். வரைபடத்தை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டியிருந்தார்கள். அக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு துண்டுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தது.

"அதுல இன்னா எழுதிக்கீது, படி."

"பயன்பாட்டில் இல்லாத சேற்றுப் பகுதி."

"இல்லாதயா? அப்ப நேத்து காலைல நான் எங்கடி இருந்தேன்?"

கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கப்போகிறார்கள், பேச விரும்புகிறவர்கள் டோக்கன் வாங்கலாம் என்று அறிவித்தார்கள். வலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வாங்கினார்கள். அவர்கள் வலையைப் பற்றிப் பேசுவார்கள். கையால் தடவிப் பிடிப்பதைப் பற்றி யார் பேசுவது? அக்கா போய் முப்பத்து நாலாம் நம்பர் வாங்கிவந்தாள். அந்த மேட்டில் நாங்கள் பிடிக்கிறோம், அது சும்மா கிடக்கும் இடமில்லை. இந்தச் செய்தி கூட்டத்தின் குறிப்பில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அப்படி ஒரு தொழில் அங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

மூன்று நாள் எங்கள் வீட்டில் நின்று பேசிப் பார்த்தாள். நான் பள்ளி ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்தேன். ஊர்க்கூட்டத்தில் பேசுகிற வழக்கப்படி முதலில் வணக்கம், பிறகு தன் பெயர், வீட்டுக்காரரான மாமாவின் பெயர், எந்த ஊர், எத்தனை தலைமுறை. அதற்குப் பிறகுதான் விஷயம். எந்த மேடு, எங்கிருந்து எதுவரை, எந்தெந்த மாசம், எந்தெந்த ஊர்ப் பெண்கள்.

"ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டுக்கா. இன்னும் இருவது மிச்சம் கீது."

"அந்த இருவதுல ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறேன்."

விஷயத்தை முதலில் சொல், வணக்கத்தைக் கடைசியில் வை என்று நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. என் பெட்டி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கேட்காமலே சொல்லிக்கொடுத்தேன்

ஆமாம், என் பெட்டிதான். கூட்டத்தில் நேரம் காட்ட ஏதாவது கருவி இருக்கிறதா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை பெருமையோடு கொடுத்தனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தது நான். திட்டக்காரர்கள் பக்கம் இருந்த வெள்ளைச் சட்டை இளைஞர் ஒருவர் அதிகாரியின் அருகில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார்.

"இந்தச் செவப்புப் புள்ளிக்கு நேரா வச்சா மூணு நிமிசம் சார். பட்டனை ஒரு வாட்டி அமுத்தினா போதும்."

"ஓகே மேடம்."

"இந்தப் பக்கம் திருப்பினா கொறையும்."

அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்காததையும் சொல்லிக்கொடுப்பது என் வியாதி.

முதலில் திட்டக்காரர்கள் பேசினார்கள். திரையில் படம் ஓடியது. நீல ஏரி, பச்சை மரம், சிரிக்கும் குடும்பம். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. அந்த நாற்பது நிமிடத்தில் என் பெட்டியின் பட்டனை யாரும் தொடவில்லை. பிறகு எங்கள் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போது தொட்டார்கள்.

விநாடி எண்ணுவது எனக்குப் பழக்கம். ஆய்வகத்தில் ஊசல் ஆட்டி ஆட்டி வந்தது. முதல் பத்துப் பதினைந்து பேருக்குச் சரியாக மூன்று நிமிடம் வந்தது. இருபதாம் நம்பருக்குள் இரண்டரை ஆனது. இருபத்தைந்தில் இரண்டு. என் சுற்றுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மண்டபச் சூட்டில் மின்தேக்கி கசிகிறதோ, உப்பு ஏறிவிட்டதோ, எங்கேயோ ஈயப்பற்று விட்டுப்போயிற்றோ என்று மனசுக்குள் பலகையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். அவமானத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சரியாகச் செய்யத் தெரியாதவளுக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முப்பத்து மூன்றாம் ஆள் பேசும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மின்தேக்கி கசிந்தால் குடம் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டைக் குடம் நிறைய நேரம் கூடத்தானே ஆகும்? சூட்டில் கசிந்தால் மணி தாமதமாக அடிக்கும். சீக்கிரம் அடிக்காது. பழசாகி வற்றிப்போன மின்தேக்கி சீக்கிரம் அடிக்கலாம், ஆனால் அதற்கு வருஷக்கணக்காகும். ஒரே காலையில் மூன்று நிமிடம் இரண்டாகி ஒன்றாகிறது என்றால் அதற்கு ஒரே காரணம்தான். குமிழில் ஒரு கை இருக்கிறது.

நாற்காலிகளுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினேன். நான் பாதி வழியில் இருக்கும்போதே அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வணக்கம் சொன்னாள். தன் பெயர் சொன்னாள், மாமா பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். மேடைப் படியில் நான் கால் வைத்தபோது, "அந்த மேட்டுல நாங்கோ" என்றாள். மணி அடித்தது.

குமிழ் இடது பக்கம் கடைசியில் இருந்தது.

மண்டபமே பார்த்த மூன்று நிமிடம்

"சார், இந்தப் பொட்டியைச் செஞ்சது நான். கொமிழைத் திருப்பி வச்சிருக்காங்க. மூணு நிமிசம் இல்ல இது" என்றேன்.

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உங்க டோக்கன் நம்பர் என்னம்மா?"

"டோக்கன் இல்ல சார்."

"டோக்கன் இல்லாதவங்க பேசக்கூடாது."

வெள்ளைச் சட்டை இளைஞர் சிரித்துக்கொண்டே, "லோக்கல்ல செஞ்ச மிஷின் சார். அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார்.

இத்தனை வயசில் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். கரண்டுப் பைத்தியம் என்றிருக்கிறார்கள். எதற்கும் இப்படி எரிந்ததில்லை. திருடியது அவர் கை, பழி என் பெட்டிக்கு. அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அரை மணி நேரம் நானே நம்பிக்கொண்டிருந்த பொய்யை அவர் ஒரே வாக்கியத்தில் மேடையில் சொல்லிவிட்டார்.

குமிழைச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்தேன். பட்டனை அழுத்தினேன். மைக் இல்லாமலே, வகுப்பில் கத்துகிற குரலில், "எல்லாரும் உங்க செல்லுல மணி பாருங்க" என்றேன்.

செல்போன்கள் வெளியே வந்தன. அதிகாரி, "என்னம்மா இது, நேரமாகுது" என்றார். "நேரத்தைத்தான் சார் பாக்கறோம்" என்று முன்வரிசையிலிருந்து ஒரு வலைக்காரர் சொன்னார். அதன் பிறகு எல்லாரும் செல்லையே பார்த்தார்கள். குழந்தை ஒன்று மட்டும் எங்கேயோ இருமியது. இளைஞர் தண்ணீர் குடித்தார், மறுபடியும் குடித்தார். மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நீளத்தில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் எவ்வளவு சொல்லியிருக்கலாம் என்றும் தெரிந்தது.

மணி அடித்தது. "கரெக்டா மூணு" என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது.

"சரி சரி. இனிமே எல்லாருக்கும் மூணு நிமிஷம்" என்றார் அதிகாரி.

"எங்க அக்காவுக்கு?"

"அவங்க பேசிட்டாங்களேம்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான். ரூல்ஸ்."

நான் கத்தினேன், ஊர்க்காரர்கள் கத்தினார்கள். ரூல்ஸ் அசையவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் மரியாதையாகவே என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். முப்பத்தைந்தாம் நம்பர்காரர் மூன்று நிமிடம் முழுசாகப் பேசினார். வலையைப் பற்றிப் பேசினார், நன்றாகவே பேசினார். அக்கா என் பக்கத்து நாற்காலியில், சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்து நாலுக்கு எதிரே

சில வாரங்களுக்கு அப்புறம் பொன்னேரி வக்கீல் ஒருவர் மூலமாகக் கூட்டக் குறிப்பின் நகல் ஊருக்கு வந்தது. நான் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் பறிக்குப் புதுக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஏரியில் அந்த மேட்டைச் சுற்றித் திட்டக்காரர்கள் அளவுக் கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் என் பங்கைப் படித்தேன். 'நேரம் காட்டும் கருவியில் ஏற்பட்ட பழுது உடனடியாகச் சரிசெய்யப்பட்டது.' பழுதாம். அந்தப் பெட்டியில் அன்றைக்கும் பழுதில்லை, இன்றைக்கும் பழுதில்லை. குமிழை மட்டும் உள்ளே தள்ளி, மூடியைத் திருகுபோட்டு இறுக்கிவிட்டேன். இனிமேல் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மூன்று நிமிடம் பேசட்டும்.

"என்னுது படி" என்றாள் அக்கா.

முப்பத்து நாலுக்கு எதிரே அவள் பெயர் சரியாகவே இருந்தது. மாமா பெயர், ஊர் எல்லாம் சரி. அந்த ஐம்பத்திரண்டு விநாடியில் அவள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில், 'திட்டம் குறித்துக் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.'

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அவள் கயிற்றைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மூணு நிமிசம்கூட வேணாம்டி. அந்த மேட்டுல பொம்பளைங்க எறா புடிக்கறாங்கோ. இந்த ஒரு வரிதான். இதைச் சொல்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? நீ கணக்குப் பண்ணுவியே, சொல்லு."

நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்து எண்ணினேன்.

"நாலு செகண்டுக்கா."